வில்லா பதினாலு: மூன்றாம் தட்டு நார்த்தங்காய்

அத்தியாயம் 9

ஷியாமளாவுக்குப் பிறத்தியார் வீட்டில் தூக்கம் பிடிக்காது. ஆனால் பிறத்தியார் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது ரொம்பப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே எழுந்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் மருமகள் இளவேனில் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தாள். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் வேர்க்கும், ஓடவிட்டால் விறைக்கும். இரண்டு இரவாக மாமியாருக்கும் மருமகளுக்கும் இந்த ஒரு விஷயத்தில்தான் சண்டை. மற்ற எதையும் இருவரும் பேசவில்லை. பேசாததுதான் நிறைய இருந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

துபாய் ராஷிதியாவில் ஒரு தனி வில்லா. நம்பர் பதினாலு. ஐந்து அறைகளை வாடகைக்கு விட்டு நடத்துகிறவள் குமுதினி, யாழ்ப்பாணத்துக்காரி. ஹோட்டல் மாதிரி போர்டு கிடையாது. வாசலில் ஒரு வேப்பங்கன்று தொட்டியில் நிற்கும், அதுதான் அடையாளம். உள்ளே எங்கே திரும்பினாலும் குமுதினியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'குளிச்சு முடிஞ்சால் ஹீட்டரை நிப்பாட்டுங்கோ.' 'இந்த அலமாரி பூட்டியிருந்தால் பூட்டித்தான் இருக்கும்.' 'வாசலில் செருப்பு, மனசில் கோவம், ரெண்டையும் கழட்டிப்போட்டு வாங்கோ.'

ஷியாமளா எல்லாச் சீட்டையும் படித்துவிட்டாள். முப்பத்திநாலு வருஷம் கோயம்புத்தூர் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் நகர மாட்டாள்.

சமையலறையில் விளக்கைப் போட்டாள். மூலையில் உயரமான இரும்பு ராக். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை டேப் ஒட்டி, எந்த அறைக்காரர் சாமான் என்று எழுதியிருந்தது. மூன்றாம் தட்டில் மட்டும் அறை எண் இல்லை. 'பழைய ஆக்கள். தொடாதேங்கோ.'

தொடாதே என்றால் பார்க்கக்கூடாது என்று அர்த்தமில்லையே.

பார்த்தாள். அரை டப்பா ஹார்லிக்ஸ். ரப்பர் பேண்ட் போட்ட காபிப்பொடி. இந்த வீட்டில் தங்கிப் போனவர்கள், திரும்ப வருவோம் என்று விட்டுப்போனவை. அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி.

ஜாடியில் உப்பு நார்த்தங்காய். சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, வெயிலில் காயப் போட்டுக் கருத்துப்போன நார்த்தங்காய். ஜாடியின் மேல் ஒரு காகிதம். நீல பால்பாயிண்ட் பேனா. இடது மூலையில் அனுப்புநர், அதன் அடியில் கோடு போட்டுக் கோயம்புத்தூர்ப் பின்கோடு, வலது கீழே பெறுநர்.

ஊறுகாய் ஜாடிக்குப் பின்கோடு போடுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் ஷியாமளாதான்.

'பெறுநர்: அ. விஷால், துபாய்.'

அவள் மகன்.

ஜாடியைக் கையில் எடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு அறைக்கு வந்து, துணிப்பையின் அடியில் வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தன் கையெழுத்து அந்நிய வீட்டில் அநாதையாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"எங்க போனீங்க அத்தை?"

போர்வைக்குள்ளிருந்து இளவேனிலின் குரல்.

"தண்ணி குடிக்கப் போனேன் அம்மிணி."

"முக்கா மணி நேரமா?"

"தாகம்."

இளவேனில் போர்வையை விலக்கி மாமியாரைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவளும் ஒன்றை மறைக்கிறவள்தானே.

விஷால் ஜெபல் அலியில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் இரண்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. கேட்டால் லீவு இல்லை என்பான். வீடியோவில் வரச் சொன்னால் நெட்வொர்க் சரியில்லை என்பான். குரல் மட்டும் வாரம் தவறாமல் வரும். இளவேனில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பத்துப் பேருடைய முதுகெலும்பை நிமிர்த்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அவள் முதுகு தானாக வளைந்துவிடும். இப்படியே எத்தனை நாள்? டூரிஸ்ட் விசா எடுத்து நாலு நாளுக்குக் கிளம்பினாள். அத்தையையும் கூட்டிக்கொண்டாள். விஷாலுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றைக்கு நேரில் போய் நிற்போம் என்பது திட்டம்.

எங்கே போய் நிற்பது என்றுதான் தெரியாது. கம்பெனி ரூமில் இருப்பதாகச் சொல்கிறான், விலாசம் சொல்லமாட்டேன் என்கிறான்.

ஆனால் போன தீபாவளிக்கு ஒரு பேரீச்சம்பழப் பார்சல் அனுப்பினான். அதன் மேல் அனுப்பியவர் விலாசம் இருந்தது. வில்லா பதினாலு, ராஷிதியா. அந்த விலாசத்தைத் தேடிப் பிடித்துத்தான் இளவேனில் இங்கே அறை போட்டாள். மாமியாரிடம், "சும்மா நெட்ல பாத்தேன் அத்தை, சுத்தமா இருக்குதாம்" என்றாள்.

"அப்படியா கண்ணு" என்று கேட்டுக்கொண்டாள் ஷியாமளா.

---

பத்து மணிக்கு எல்லோரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டாள் குமுதினி. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் கரண்டி. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் பெரிய சமையல்.

மேசையில் மூன்று பேர்தான். ஷியாமளா, இளவேனில், அப்புறம் இரண்டாம் அறைப் பெண் ஷம்சியா. கீழக்கரைக்காரி, நர்ஸ் வேலை இன்டர்வியூவுக்காக வந்திருந்தாள்.

"ஆரும் கோவிக்காதேங்கோ" என்று ஆரம்பித்தாள் குமுதினி. "மூண்டாந் தட்டில ஒரு போத்தல் இருந்தது. ராத்திரி வரைக்கும் இருந்தது. இப்ப காணேல்லை."

இளவேனில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். ஷியாமளா தண்ணீர் தம்ளரைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனாள். இறக்கவில்லை.

"எடுத்த ஆள் திருப்பி வைச்சாச் சரி. ஆரெண்டு நான் கேக்கமாட்டன். இண்டைக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு அது தேவை."

"என்ன போத்தல் லாத்தா?" என்றாள் ஷம்சியா. அவள் ஊரில் அக்காவுக்கு லாத்தா.

"ஊறுகாய்ப் போத்தல் பிள்ளை."

"ஊறுகாய்தானே? லுலுல வாங்கித் தர்றேன், விடுங்க."

"அது கடையில வாங்குற சாமான் இல்லைப் பிள்ளை. ஒரு தாய் தன்ர கையால போட்டு அனுப்பினது."



குமுதினியின் கண் ஷம்சியா மேல் ஒரு கணம் நின்றது. வேண்டுமென்று நிற்கவில்லை. விடிகாலையில் டீ போடச் சமையலறைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்திருப்பாள். அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அல்லாவே! என்னையா பாக்குறீங்க? எனக்கு அல்சரு லாத்தா. ஊறுகாய் வாசம் பட்டாலே நெஞ்சு எரியும். வந்து ரெண்டு நாளாவல, அதுக்குள்ள களவுப் பட்டமா?"

"ஐயோ பிள்ளை, நான் உன்னைச் சொல்லேல்லை..."

"கண்ணு சொல்லிருச்சே!"

ஷம்சியாவின் குரல் உடைந்தது. மறுநாள் இன்டர்வியூ. ஏற்கெனவே பயத்தில் இருப்பவள்.

ஷியாமளா தம்ளரை வைத்தாள். "ஏனுங்க, அந்தப் புள்ளையைப் பாக்காதீங்க. நாந்தான் எடுத்தேன்."

"அத்தை!"

"ஆமா அம்மிணி. நாந்தான்."

எழுந்து போய்ப் பையிலிருந்து ஜாடியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள்.  ஜாடியைப் பார்த்த இளவேனிலின் முகம் மாறியது. நாலு வருஷமாக மாமியார் வீட்டு மாடியில் காயும் சாமான்களைப் பார்த்தவள் அவள்.

"இது என்ற கைப்பட போட்டது. விஷால் நான் பெத்த பையன்."

குமுதினி கரண்டியை மேசையில் வைத்தாள். முகத்தில் ஆச்சரியம் வந்து உடனே மூடிக்கொண்டது. "அப்பிடி எல்லாருந்தானே சொல்லலாம்."

"எல்லாருமா? ஊறுகாய்க்கு அம்மான்னு சொல்லிட்டு ஊருக்குள்ள எத்தனை பேரு திரியறாங்க?"

"அக்கா, கோவிக்காதேங்கோ. இந்த வீட்டில ஒரு சட்டம் இருக்கு. இங்க இருந்த ஆக்களைப் பற்றி நான் ஆரோடையும் கதைக்கிறேல்லை. முந்தி ஒருக்கா ஒரு ஆள், அண்ணன் எண்டு சொல்லிக்கொண்டு வந்து ஒரு பிள்ளையை விசாரிச்சவர். நானும் நம்பிச் சொல்லிப்போட்டன். வந்தவர் அண்ணன் இல்லை. அவள் ஓடி வந்ததே அந்த ஆளுக்குப் பயந்துதான். அண்டைக்கு வாயில போட்ட பூட்டு."

ஷியாமளா தலையாட்டினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். டிஷ்யூ டப்பாவிலிருந்து ஒரு தாளை உருவினாள்.

"ஒரு பேனா குடுங்க."

எழுதினாள். அனுப்புநர். பெறுநர். கோடு. பின்கோடு. ஆறு என்கிற எண்ணின் வாலை மேலே கொக்கி போல் வளைத்தாள். நாலின் காலில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு. ஆயிரக்கணக்கான ரசீதுகளில் போட்டுப் பழகிய கை.

தாளை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

குமுதினி குனிந்து இரண்டையும் பார்த்தாள். ஷம்சியா அழுகையை மறந்து எட்டிப் பார்த்தாள். "அதே எழுத்து லாத்தா. அந்த நாலைப் பாருங்க!" களவுப் பட்டம் கிடைத்தவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

குமுதினி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களோ அந்தப் பின்கோடு அம்மா?" என்றாள் மெதுவாக.

---

அறைக்குள் வந்ததும் இளவேனில் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு முதல்லயே தெரியும். இது அவர் இருந்த வீடுன்னு."

"தெரியும்."

"எப்படி?"

"ஏன் அம்மிணி, தீபாவளிப் பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போட்டது நான். ஃப்ரம் அட்ரஸைப் படிக்காம வாங்குவேன்னு நெனச்சியா?"

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீ சொல்லலையே."

இளவேனிலுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். ஏசி உறுமியது. நிறுத்த யாரும் எழவில்லை.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க அவரோட அம்மாவா பதில் சொல்லாதீங்க."

"கேளு."

"இங்க அவருக்கு வேற யாரோ இருக்காங்கன்னு எனக்குத் தோணுது. தோணறது தப்பா?"

தப்பு என்று சொல்ல ஷியாமளாவுக்கு வாய் வரவில்லை. பெற்றவள் என்பதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

"எனக்கு ஒண்ணுதான் இடிக்குது" என்றாள். "நார்த்தங்காய்."

"அதுல என்ன?"

"அவனுக்கு அது புடிக்கவே புடிக்காது. சின்னதுல வாயில வெச்சா துப்பிடுவான். நானும் தொடமாட்டேன். வீட்டுல அதைச் சாப்படற ஆளு ஒருத்தர்தான். அவரு போனப்பறம் நான் போடறதையே விட்டுட்டேன். போன வருஷம் திடீர்னு போன்ல, 'அம்மா, நார்த்தங்காய் போட்டு அனுப்பு'ங்கறான். நாக்கு மாறிப்போச்சாக்கும்னு நெனச்சு, துபாய் போற ஒருத்தருகிட்டக் குடுத்தனுப்புனேன். புடிக்காத ஊறுகாயை ஏன் கேட்டான்?"

அந்த ஒருத்தர் அனந்தகிருஷ்ணன். ஷியாமளாவின் கணவர். பதினெட்டு வருஷத்துக்கு முன் சவூதியில் அல் கோபாருக்கு ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் போன் வந்தது. வலது காது சின்ன வயதிலேயே கேட்காமல் போனவர், போனில் கத்திக் கத்திப் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. கம்பெனியில் விசாரித்தால், வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஷியாமளா நெற்றிப் பொட்டை எடுக்கவில்லை. படத்துக்கு மாலையும் போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று பதினெட்டு வயது விஷாலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"சமையல்கட்டுக்குப் போறேன்" என்று எழுந்தாள்.

"அவங்கதான் ஒண்ணும் சொல்லமாட்டேன்னுட்டாங்களே?"

"கேட்டாத்தானே சொல்லமாட்டாங்க? நான் பீன்ஸ் அரியப் போறேன்."

---

பீன்ஸ் அரிகிறவளை யாரும் சமையலறையிலிருந்து விரட்டமாட்டார்கள். குமுதினியும் விரட்டவில்லை.

அரைமணி நேரம் சமையல்தான் நடந்தது. குமுதினி தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தாள். ஷியாமளா அரிந்த பீன்ஸை ஒரே அளவில் அடுக்கினாள்.

"அக்கா" என்றாள் குமுதினி கடைசியில். "ஆளைப் பற்றிக் கேளாதேங்கோ. ஊறுகாயைப் பற்றிக் கேளுங்கோ. ஊறுகாய் இங்க வந்து தங்கின ஆள் இல்லைத்தானே."

ஷியாமளாவின் கத்தி நின்றது. இந்தப் பொம்பளை லேசுப்பட்டவள் இல்லை.

"சரிங்க. இந்த ஊறுகாய் எங்க போகுது?"

"கேரியரில போகும். ஒவ்வொரு வெள்ளியும்."

"கேரியர்?"

"சஜீவன்ர காரில போகும். என்ர தம்பி. கார் லிஃப்ட் ஓடுறவன். வெள்ளி ரெண்டு மணிக்கு ஷார்ஜா தொழில்பேட்டைப் பக்கம் ஆக்களை ஏத்திக்கொண்டு போறவன்."

ஷார்ஜா. ஜெபல் அலியில் வேலை செய்கிறவனுக்கு ஷார்ஜாவில் என்ன இருக்கிறது? ஒன்று துபாயின் இந்த முனை, மற்றது அந்த முனைக்கும் அப்பால் என்று நேற்று மேப்பில் பார்த்திருந்தாள்.

"ஜாடியோட குடுத்தனுப்பக் கூடாதாக்கும்?"

"குடுத்தா ஒரே நாளில முடிஞ்சுபோம். பிரஷர் உள்ள ஆள். உப்புக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவராம். கிழமைக்கு ஒரு துண்டுதான் எண்டு உங்கட மகன் கட்டளை போட்டவர். அதுதான் போத்தல் இங்க இருக்கு."

"பிரஷரா? என்ற பையனுக்கா? முப்பத்திநாலு வயசுதானுங்க ஆகுது!"

"உங்கட மகன் அதை வாயில வைக்கிறதே இல்லையே அக்கா."

சொல்லிவிட்டுக் குமுதினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரும்பி அடுப்பைப் பார்த்தாள். பூட்டில் ஒரு விரிசல்.

அப்போ கேரியர் இரண்டு பேருக்கு.

ஷியாமளா அடுத்த பீன்ஸை எடுத்தாள். குமுதினி நாலு அடுக்குக் கேரியரைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். முதல் அடுக்கில் சோறு. இரண்டாவதில் சொதியும் பீன்ஸும். மூன்றாவதில் இரண்டு பொரித்த மீன். நாலாவது அடுக்குக்குத் தனியாகக் குழைத்த தயிர்சாதம், உப்பில்லாமல்.

ஜாடியைத் திறந்து ஒரு சுருளை எடுத்தாள். அதைத் தயிர்சாதத்தின் மேல் வைக்கவில்லை. கரண்டிக் காம்பால் நடுவில் குழி பறித்தாள். துண்டை உள்ளே வைத்தாள். மேலே சாதத்தை மூடித் தட்டிச் சமன் செய்தாள். ஊறுகாய் இருந்த அடையாளமே தெரியவில்லை.

ஷியாமளாவின் கையிலிருந்த கத்தி தரையில் விழுந்தது.

"என்னக்கா? வெட்டிப்போட்டியளோ?"

"இல்லை... அது ஏன் உள்ளுக்குள்ள வெக்கறீங்க?"

"அந்த மனுசன் அப்பிடித்தான் கேட்டவராம். தோண்டித் தோண்டிக் கடைசியில எடுக்க வேணுமாம். சின்னப்பிள்ளை விளையாட்டு." குமுதினி சிரித்தாள். சிரித்த பிறகுதான் எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தாள்.

தயிர்சாதத்துக்குள் நார்த்தங்காயைப் புதைத்து வைக்கிற மனுஷனை ஷியாமளாவுக்குத் தெரியும். உலகத்தில் ஒரே ஒருத்தர். தட்டில் மலை மாதிரி சாதத்தைக் குவித்து, "டேய் விஷால், இதுக்குள்ள புதையல் இருக்குது, கண்டுபுடி பார்க்கலாம்" என்பார். குட்டிப்பயல் விரலை விட்டுத் தோண்டுவான், கண்டுபிடிப்பான், வாயில் வைப்பான், துப்புவான். தினம் தினம் இதே கூத்து. "சோத்தை அளையாதீங்க ரெண்டு பேரும்" என்று தினம் தினம் இவள் கத்துவாள்.

குனிந்து கத்தியை எடுத்தாள்.

கதவருகே இளவேனில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் கண் கேரியருக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்த இரண்டு ஸ்பூன்கள் மேல் இருந்தது.

---

இரண்டு மணிக்கு வாசலில் ஹாரன். சஜீவன் கண்ணாடியை இறக்கினான். பின்சீட்டில் மூன்று பங்களாதேஷ் ஆட்கள் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, யல்லா! இவையளுக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

குமுதினி கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காருக்குள் வைக்காமல் நின்றாள்.

"சஜீவன், முன்சீட் காலியோ?"

"ஓம், ஒரு ஆள் வரலாம்."

"அப்ப ஒரு ஆளை ஏத்திக்கொண்டு போ. எங்க இறங்குகினம் எண்டு எனக்குத் தெரியாது. நான் கேக்கேல்லை, நீயும் சொல்லேல்லை."

சஜீவன் அக்காவைப் பார்த்தான், வாசலில் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தான். "சரிதான். சட்டம் முறியேல்லை, லேசா வளைஞ்சிருக்கு" என்றான்.

ஒரு சீட். இரண்டு பேர்.

"நீங்க போங்க அத்தை" என்றாள் இளவேனில். "நீங்கதான் பெத்தவங்க. உங்களைப் பாத்தா அவர் பொய் சொல்லமாட்டாரு."

"நீ போ."

"என்னால முடியாதுங்க அத்தை." இளவேனிலின் குரல் அடங்கிப்போனது. "கேரியர்ல ரெண்டு பேருக்குச் சோறு இருக்குது. நானும் பாத்தேன். அந்த ரெண்டாவது ஆளு கதவைத் தொறந்து, 'யாரு நீங்க'ன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?"

ஷியாமளா மருமகளின் கையைப் பிடித்தாள். 

எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்கிற பொம்பளை அவள். அடுத்த வீட்டுக்கு வந்த தந்தியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள். பதினாறு வருஷமாக ஒரே ஒரு விலாசம்தான் அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது. அது இப்போது அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிறது. கால் நகரவில்லை.

"பொம்பளை இல்லை கண்ணு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். என்னை நம்பு. உன்ற புருஷன் உனக்குத் துரோகம் பண்ணலை. அவன் செஞ்சது வேற."

"என்ன வேற?"

"நீ போய்ப் பாரு. யாரு நீங்கன்னு கேட்டா, 'இந்த வீட்டு மருமக'ன்னு சொல்லு. போதும்."

இளவேனில் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் என்ன படித்தாளோ, காரை நோக்கி நடந்தாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். குமுதினி கேரியரை அவள் மடியில் வைத்தாள்.

"தயிர்சோத்தைக் குலுக்கிறாதே அம்மிணி" என்றாள் ஷியாமளா. "அப்படியே இருக்கோணும்."

கார் வளைவில் திரும்பி மறைந்தது.

ஷம்சியா வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பிட வாங்கம்மா" என்று கூப்பிட்டாள். ஷியாமளா சாப்பிடவில்லை. சமையலறைக்கு வந்து, யாரும் கேட்காமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குமுதினி பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை ஆனது. இரண்டே முக்கால் ஆனது.

கேட்க ஆயிரம் இருந்தது. எப்படி இருக்கிறார்? ஏன் வரவில்லை? எப்போது கண்டுபிடித்தான்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் அவளுக்கே தெரியும். பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியவள் அவள்தானே. சத்தியத்தை மீறவும் முடியாமல், அப்பாவை விடவும் முடியாமல், பையன் ஊறுகாயில் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறான்.

"குமுதினி."

"ஓம் அக்கா."

"ஆளைப் பத்திக் கேக்கலை. ஒண்ணே ஒண்ணு."

"கேளுங்கோ."

ஷியாமளா குழாயை மூடினாள்.

"அந்த ரெண்டாவது ஆளுகிட்டப் பேசணும்னா, எந்தப் பக்கம் நின்னு பேசோணும்?"

"இடப்பக்கம்" என்றாள் குமுதினி சட்டென்று. "மற்றக் காது..."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேசையில் இருந்த ஷியாமளாவின் போன் அடித்தது. இளவேனில். எப்போதும் இரண்டாவது மணி அடிக்கவிடாதவள், ஈரக்கையோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று. நாலு. ஐந்தாவது மணியில் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சொல்லு கண்ணு."

மருமகளின் குரல் வரவில்லை. ஏதோ பட்டறையின் இரைச்சல். தட்டு நகரும் சத்தம். பிறகு, எதிரில் இருப்பவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்துகிறவர் போல, ஒரு வயதான ஆண்குரல்.

"ஹலோ! நார்த்தங்காய்ல உப்பு கொஞ்சம் கம்மி!"

ஷியாமளா போனை இறுக்கிப் பிடித்தாள். பதினாறு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த திட்டு ஒன்றும் வாயில் வரவில்லை.

"போன வெள்ளிக்கிழமை ஏன் போன் பண்ணலை?" என்றாள்.